பாண்டி ஏன் படியிறங்கவில்லை?

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரை ஒட்டிய ஒரு புறநகரில் என் அக்கா மகள் குடும்பம் இருக்கிறது. போன வருஷம் ஏப்ரலில் அங்கே போய் ஆறு வாரம் தங்கினேன். போன மறுநாள் காலை காபியோடு வாசலுக்கு வந்தால், வீட்டைச் சுற்றிப் புல்தரையின் ஓரம் நெடுகச் சின்னச் சின்ன வெள்ளைக் கொடிகள். எட்டடிக்கு ஒன்று இருக்கும். காற்றில் படபடத்துக்கொண்டிருந்தன.

"என்னடி இது, பைப்லைன் ஏதும் பதிச்சிருக்காங்களா?"

"வேலி சித்தி. பாண்டிக்கு."

"எங்கடி வேலி?"

"மண்ணுக்குள்ள."

பாண்டி அவர்கள் வீட்டு நாய். லேப்ரடார் கலப்பு, இரண்டு வயசு, விலங்குக் காப்பகத்திலிருந்து தத்தெடுத்தது. மதுரையில் அவள் வளர்ந்த வீட்டு நாயின் பெயரையே இதற்கும் வைத்திருக்கிறாள். அந்தப் பாண்டிக்கு ஆளுயரக் காம்பவுண்டு சுவர் இருந்தது. கேட்டைச் சாத்தினால் கவலை விட்டது. இங்கே நினைத்த மாதிரி சுவர் எழுப்பிவிட முடியாது. அமெரிக்கப் புறநகர்களில் பல குடியிருப்புகளுக்கு வீட்டு உரிமையாளர் சங்கம் உண்டு. வேலி எவ்வளவு உயரம், என்ன பொருள், என்ன நிறம், வீட்டின் எந்தப் பக்கம் என்பதெல்லாம் சங்கத்தின் விதிகளில் இருக்கும். முன்பக்கம் வேலியே கூடாது என்று சொல்லும் சங்கங்கள் ஏராளம். அதனால்தான் இந்த மண்ணுக்குள் வேலி.

ஏற்பாடு எளிமையானது. புல்தரை ஓரமாக ஓரிரு அங்குல ஆழத்தில் ஒரு கம்பியைப் புதைத்து, அதன் இரு முனைகளையும் கராஜ் சுவரில் மாட்டிய ஒரு பெட்டியோடு இணைக்கிறார்கள். பெட்டி அந்தக் கம்பி வழியே ரேடியோ சமிக்ஞையை விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கும். நாயின் கழுத்துப்பட்டையில் தீப்பெட்டி அளவில் ஒரு ரிசீவர்; அதிலிருந்து இரண்டு உலோக முனைகள் தோலைத் தொட்டபடி இருக்கும். நாய் கம்பியை நெருங்கினால் முதலில் 'பீப்' என்று சத்தம். அதையும் மீறிப் போனால் ஷாக். ரிச்சர்ட் பெக் என்ற அமெரிக்கர் இதற்கு 1973-ல் காப்புரிமை பெற்றார். இன்றைக்குப் பல நிறுவனங்கள் விற்கின்றன.

சாலைக்கு ஓடும் நாய் வண்டியில் அடிபடக் கூடாது என்பது நல்ல எண்ணம்தான். இந்த வேலியை வைத்திருப்பவர்கள் எல்லாரும் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. என் அக்கா மகளை விட நாயிடம் பிரியமானவளை நான் பார்த்ததில்லை. ஆனால் அவள் வீட்டிலேயே, அவள் கண்முன்னாலேயே, அந்த நாய் நான்கு நாள் தன் உடம்பு முழுக்கப் பேசியது. எங்கள் ஒருவருக்கும் அது புரியவில்லை.

இருபது நிமிஷப் பாடம்

வேலி பதித்த நிறுவனத்தின் ஆள் ஒருவர் பயிற்சி கொடுக்க வந்தார். சுறுசுறுப்பானவர், சிரித்த முகம். பாண்டியின் கழுத்தில் ரிசீவரை மாட்டி, நீளக் கயிறு கட்டி, சாலைப் பக்கத்துக் கொடிக்கு நேராகக் கூட்டிப் போனார். 'பீப்' கேட்டது. பாண்டி தலையைச் சாய்த்து, இது என்ன புதுச் சத்தம் என்பது போல இன்னும் ஓரடி எடுத்து வைத்தான்.

அவன் போட்ட கத்தல் இன்னும் என் காதில் இருக்கிறது. நான்கு காலும் தரையை விட்டு எழும்பின. திரும்பி வீட்டைப் பார்த்து ஓடினான். அந்த ஆள் கயிற்றைச் சுற்றிப் பிடித்து, பக்கவாட்டுக் கொடிக்கு அழைத்துப் போனார். மறுபடி கத்தல். பின்பக்கம் மூன்றாவது. நான்காவது இடத்துக்குப் போகும்போது பாண்டி கொடிக்குப் பத்தடி முன்னாலேயே வயிற்றைத் தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டான். "புத்திசாலி நாய்" என்று தட்டிக் கொடுத்துவிட்டு அவர் வண்டியேறினார்.

"பாத்தீங்களா அத்தை, இருபது நிமிஷத்துல கத்துக்கிட்டான்" என்றார் மாப்பிள்ளை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை. வாசலில் மூன்று படி இறங்கினால் புல்தரை. பாண்டி மேல்படியில் நின்றான். இறங்கவில்லை. முன்னங்கால் ஒன்றைத் தூக்கி மடக்கியபடியே வைத்திருந்தான். நாக்கு மின்னல் மாதிரி வெளியே வந்து மூக்கை நக்கிவிட்டு உள்ளே போனது. இரண்டு தரம், மூன்று தரம். இராத்திரி முழுக்கத் தூங்கி எழுந்தவன் பெரிய கொட்டாவி விட்டான். நான் ஸ்வெட்டருக்கு மேல் சால்வை போர்த்திக்கொண்டிருந்த குளிரில் அவன் வாயைத் திறந்து மூச்சிரைத்தான். அக்கா மகள் புல்லில் நின்று சீஸ் துண்டை நீட்டிக் கூப்பிட்டாள். சீஸ் உறை பிரிக்கும் சத்தத்துக்கே மாடியிலிருந்து ஓடி வருபவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தலை ஒரு பக்கம், பார்வை ஒரு பக்கம். கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தது.

"இன்னும் தூக்கக் கலக்கம் போல" என்றோம்.

அன்று மதியம் ஹாலில் கார்ப்பெட்டில் மூத்திரம் போனான். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படிச் செய்ததில்லை.

நான்காம் நாள் இரவு நான் சாம்பாரை மைக்ரோவேவில் சூடு பண்ணினேன். முடிந்ததும் அது 'பீப், பீப், பீப்' என்றது. பாண்டி எழுந்து ஓடிச் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் புகுந்தான். குனிந்து பார்த்தால் உடம்பு நடுங்குகிறது. மரத்தரையில் அவன் ஓடிய வழியெல்லாம் ஈரப் பாதத் தடம். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான். பயத்தில் நமக்கு உள்ளங்கை வியர்க்கிறதே, அதே போல.

அக்கா மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "சித்தி, இவன் கத்துக்கல. பயந்துட்டான்."

அவள் சொன்னதற்குள்ளேயே இருந்தது விஷயம்

அடங்குவது வேறு, புரிந்துகொள்வது வேறு. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரி இருப்பதுதான் சிக்கல். கொடிப் பக்கம் போகாத நாய், எல்லையைத் தெரிந்துகொண்ட நாயாகவும் இருக்கலாம். எங்கிருந்து அடி விழும் என்று தெரியாமல் ஒரே இடத்தில் முடங்கிய நாயாகவும் இருக்கலாம்.

மண்ணுக்குள் கம்பி இருப்பது நமக்குத் தெரியும். நாய்க்கு யார் சொன்னார்கள்? அதற்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சத்தம், ஒரு வலி, அந்த நேரத்தில் கண்ணெதிரே இருந்த காட்சி. இந்த மூன்றையும் அது தன் போக்கில் முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. சத்தத்தைச் சோற்றோடு முடிச்சுப் போட்ட பாவ்லோவின் நாய்களை நாம் பள்ளியில் படித்திருக்கிறோம். பாண்டி சத்தத்தை வலியோடு முடிச்சுப் போட்டுக்கொண்டான். அப்புறம் சத்தம் எங்கிருந்து வந்தால் என்ன, மைக்ரோவேவிலிருந்து வந்தாலும் வலிக்கப் போகிறது என்றுதான் அவன் நினைப்பான்.

ஜெர்மனியின் ஹனோவர் நகரில் நடந்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. 14 பீகிள் நாய்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு, ஓடும் பொம்மை இரையைத் தொட்ட அந்த நொடியில் மட்டும் ஷாக். இரண்டாவதற்கு, கூப்பிட்டும் திரும்பி வராதபோது. மூன்றாவது குழுவுக்கு எப்போது, ஏன் என்று எந்தக் கணக்கும் இல்லாமல். எச்சிலில் கார்டிசால் எவ்வளவு ஏறுகிறது என்று அளந்தார்கள். மன அழுத்தத்தில் ஊறும் ஹார்மோன் அது. மூன்றாவது குழுவில் மிக அதிகமாக ஏறியது. காரணம் தெளிவாகத் தெரிந்த முதல் குழுவில் சொல்லும்படி ஏறவில்லை. நாயை உலுக்குவது வலியின் அளவு மட்டும் என்றால் மூன்று குழுவும் ஒன்றுபோல் இருந்திருக்க வேண்டும். வலி எதனால் வருகிறது, எப்படித் தப்பலாம் என்று தெரியாத தவிப்புதான் மூன்றாவது குழுவை ஆட்டிவைத்தது.

இதற்கு நாற்பது வருஷம் முன்பே, 1967-ல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் செலிக்மனும் ஸ்டீவன் மேயரும் நாய்களை வைத்துச் செய்த சோதனை உளவியலில் பேர்போனது. எதைச் செய்தாலும் நிற்காத ஷாக்கை வாங்கிய நாய்களைப் பிறகு ஒரு பெட்டியில் விட்டார்கள். நடுவிலுள்ள தடுப்பைத் தாண்டினால் தப்பிக்கலாம். அவற்றில் பெரும்பாலானவை தாண்ட முயலவே இல்லை. படுத்து முனகின. என்னைக் கேட்டால், அந்தச் சோதனையைச் செய்யாமலே இருந்திருக்கலாம். செய்தது செய்தாகிவிட்டது, அதைப் படித்தபோது எனக்கு நான்காவது கொடிக்கு முன்னால் வயிற்றைத் தரையோடு ஒட்டிக்கொண்ட பாண்டிதான் ஞாபகம் வந்தான். அதைப் பார்த்துத்தான் 'புத்திசாலி' என்றார்கள்.

கத்தலுக்கு முன் வரும் சொற்கள்

கால்நடை மருத்துவர் சொல்லி இன்னொரு பயிற்சியாளர் வந்தார். ஐம்பதைத் தாண்டிய பெண்மணி. வந்ததும் பாண்டியைத் தொடவில்லை, கூப்பிடவும் இல்லை. ஹாலில் தரையில் பக்கவாட்டாக உட்கார்ந்து அரைமணி நேரம் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, நாங்கள் 'தூக்கக் கலக்கம்' என்று தள்ளியதையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார்.

நாய் குரைப்பதும் கத்துவதும் அதன் கடைசிச் சொல். அதற்கு முன்னால் எத்தனையோ சொல்லிவிடுகிறது. நார்வேயைச் சேர்ந்த பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இவற்றையெல்லாம் பல வருஷம் கவனித்துத் தொகுத்தார். 'அமைதிப்படுத்தும் சைகைகள்' என்று அவர் வைத்த பெயர் இன்று நாய் வளர்ப்போர் நடுவே புழக்கத்தில் இருக்கிறது. சோறு எதிரே இல்லாதபோது உதட்டை நக்குவது, தூங்கும் நேரம் அல்லாதபோது கொட்டாவி, முகத்தைத் திருப்பிக்கொள்வது, காலை மடக்கித் தூக்குவது, ஒன்றுமில்லாத இடத்தில் தரையை மோந்துகொண்டே இருப்பது, நனையாமலேயே உடம்பை உதறுவது எல்லாம் அந்த மொழியின் சொற்கள். ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. நாய் தூக்கம் வந்தாலும்தான் கொட்டாவி விடும். எந்த இடத்தில், எதற்கு அடுத்து, எத்தனை சேர்ந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். கொடிக்கு இருபதடி முன்னால் நாக்கு மூக்கைத் தொட்டு, காது பின்னால் மடங்கி, வால் இறங்கினால், அது முழு வாக்கியம்.

வாலைப் பற்றியும் நமக்குத் தப்பான எண்ணம் இருக்கிறது. வாலாட்டினால் சந்தோஷம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். தாழ்ந்த வால் வேகவேகமாக நுனி மட்டும் ஆடினால் அது கெஞ்சல். விறைத்து நிமிர்ந்த வால் மெல்ல ஆடினால் எச்சரிக்கை. பின்புறம் முழுக்கச் சேர்ந்து வளைந்து ஆடினால்தான் கொண்டாட்டம்.

அந்தப் பெண்மணி எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததில் மிக உபயோகமானது தீனிப் பரீட்சை. நாய்க்கு உயிரான ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பாண்டிக்கு வேகவைத்த கோழி. பதற்றமில்லாத நாய் மெதுவாக, உதட்டால் வாங்கும். பதற்றம் ஏறினால் விரலோடு சேர்த்துப் பிடுங்கும். இன்னும் ஏறினால் வாயில் வாங்கிக் கீழே போட்டுவிடும். அதற்கும் மேலே போனால் தீனியைக் கண்ணால்கூடப் பார்க்காது. பார்க்காத இடத்தில் பாடமும் ஏறாது. அந்த இடத்திலிருந்து பின்வாங்கி, அவன் மறுபடி மெதுவாக வாங்கும் தூரம் வரை வந்துவிட வேண்டும். அன்றைய பாடத்துக்கு எல்லை அதுதான். கொடி இருக்கும் இடம் இல்லை.

மறுபடி முதலிலிருந்து

முதலில் ரிசீவரைக் கழற்றிப் பரணில் போட்டார்கள். பத்து நாள் புல்தரைப் பயிற்சியே இல்லை. காரில் ஏற்றி வேறு இடத்துக்குக் கூட்டிப் போய் நடக்கவிட்டார்கள். கழற்றியபோதுதான் தெரிந்தது, முனைகள் அழுத்திய இடத்தில் மயிர் விலகிச் சிவந்திருந்தது. நாள் முழுக்க மாட்டியே வைத்தால் அந்த இடம் புண்ணாகிவிடும். 12 மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், இடையிடையே இடத்தை மாற்றுங்கள் என்று கையேடுகளிலேயே எச்சரிக்கை இருக்கிறது. நாங்கள் யாரும் கையேட்டைப் பிரித்துப் பார்க்கவில்லை.

அடுத்து, சத்தத்துக்குப் புது அர்த்தம். கைபேசியில் மிகச் சன்னமாக ஒரு 'பீப்', உடனே கோழித் துண்டு. ஒரு வேளைக்குப் பத்துத் தரம். இரண்டு நாளில் 'பீப்' கேட்டதும் பாண்டி தட்டைத் தேட ஆரம்பித்தான். பிறகு புல்தரை. ரிசீவரில் ஷாக்கை அடியோடு அணைத்து, சத்தத்தை மட்டும் விட்டு, நீளக் கயிறு. கயிறு எப்போதும் தொய்வாகவே இருக்க வேண்டும், நாயைக் கொடியை நோக்கி ஒரு அங்குலம்கூட இழுக்கக் கூடாது என்பதில் அந்தப் பெண்மணி கண்டிப்பாக இருந்தார். பாண்டி தானாகக் கொடிப் பக்கம் போவான். 'பீப்' வரும். அக்கா மகள் உற்சாகமாகக் கூப்பிட்டபடி வீட்டுப் பக்கம் நாலடி ஓடுவாள். அவன் திரும்பி ஓடி வந்தால் கோழி, கொஞ்சல், பந்து விளையாட்டு. ஒரு வேளைக்குப் பத்து நிமிஷம், நாளைக்கு இரண்டு வேளை. கொடி ஓரத்தில் பாடத்தை முடிக்கவே கூடாது. புல்தரை நடுவில் விளையாடித்தான் முடிக்க வேண்டும்.

அவர் சொன்னதன் சாரம் இது: எங்கே போகக் கூடாது என்பதை நாய்க்குச் சொல்லும் முன், எங்கே திரும்பினால் நிம்மதி என்பதைச் சொல்லிவிட வேண்டும். முதலில் வந்த ஆள் பாண்டிக்கு இதைத்தான் சொல்லவே இல்லை. இடமில்லை, வலமில்லை, பின்பக்கமும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள் பாண்டி மூன்று படியையும் ஒரே தாவில் தாண்டிப் புல்லில் இறங்கி முதுகைத் தரையில் தேய்த்துப் புரண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தெருவில் போகிற குழந்தை

நாயின் பதற்றத்தைக் கவனிக்காமல் விடுவது நாயோடு முடிகிற விஷயமும் இல்லை. தெருவில் சைக்கிளில் ஒரு குழந்தை போகிறது. நாய் ஆசையாக ஓடுகிறது, ஷாக் வாங்குகிறது. நாளைக்கு இன்னொரு குழந்தை, மறுபடி ஷாக். நாய் போடும் முடிச்சு என்ன? குழந்தை வந்தால் வலி வரும். இது போன்ற மின்வேலிக்குள் இருந்த நாய்கள் மனிதர்களைக் கடுமையாகத் தாக்கிய ஐந்து சம்பவங்களை ரிச்சர்ட் போல்ஸ்கி 2000-ல் ஓர் ஆய்விதழில் அலசியிருக்கிறார். ஐந்தை வைத்து எல்லா நாய்க்கும் தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் ஏற்கெனவே ஆளைக் கண்டால் சீறும் நாய்க்கும், இடிக்கும் பட்டாசுக்கும் ஒடுங்கும் நாய்க்கும் இந்த வேலி வேண்டவே வேண்டாம் என்பது என் முடிவு.

காவல் என்ற வகையிலும் இது முழுமை இல்லை. கொலம்பஸ் நகரம் இருக்கும் அதே பிராங்ளின் கவுண்டியில் நாய் வளர்ப்போரிடம் நடத்திய கணக்கெடுப்பு 2017-ல் வெளியானது. மின்வேலியில் விடப்பட்ட நாய்களில் 44 சதவீதம் எப்போதாவது தப்பி ஓடியிருந்தன. நிஜ வேலிக்குள் இருந்தவற்றில் 23 சதவீதம். அணிலைத் துரத்தும் வேகத்தில் வலியைத் தாங்கித் தாண்டிவிடும் நாய், திரும்பி வரும்போது அதே வலிக்குப் பயந்து தெருவிலேயே நின்றுவிடுவதும் உண்டு. வேற்று நாய் உள்ளே வருவதை இந்த வேலி தடுக்காது.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தார் மின்வேலிக்குள் நெடுநாள் வாழ்ந்த பூனைகளை ஆராய்ந்து, பெரிய பாதிப்புத் தெரியவில்லை என்று 2016-ல் எழுதினார்கள். எச்சரிக்கைச் சத்தம் தெளிவாக வந்து, விலகுவது தன் கையில் இருந்தால் விலங்கு சமாளித்துக்கொள்ளும் என்று இதைப் புரிந்துகொள்கிறேன். அதே பல்கலைக்கழகம் 63 நாய்களை வைத்து 2014-ல் வெளியிட்ட ஆய்வில், மின் கழுத்துப்பட்டையால் பழக்கிய நாய்களிடம் பதற்றமும் கொட்டாவியும் கூடுதலாக இருந்தன. தீனி கொடுத்துப் பழக்குவதைவிட அதில் கூடுதல் பலனும் இல்லை. வேல்ஸ் நாடு இந்தப் பட்டைகளை 2010-லேயே தடைசெய்துவிட்டது. அமெரிக்காவின் விலங்கு நடத்தைக்கான கால்நடை மருத்துவர் சங்கம் 2021-ல், எல்லா நாய்களுக்கும் பரிசு கொடுத்துப் பழக்கும் முறையே போதும் என்று அறிக்கை விட்டது.

ஷாக் கொடுக்கும் கழுத்துப்பட்டைகள் இப்போது நம் ஊரிலும் இணையத்தில் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகின்றன. வாங்கித்தான் தீருவேன் என்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மாட்டுவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் நாயைச் சும்மா பாருங்கள். நிம்மதியாக இருக்கும்போது அதன் காது எப்படி இருக்கிறது, வால் எந்த உயரத்தில் நிற்கிறது, கையிலிருந்து தீனியை எப்படி வாங்குகிறது என்று மனசில் பதிந்துகொள்ளுங்கள். அது தெரியாதவருக்கு, மாறியதும் தெரியாது.

பாண்டிக்கு மறுபடி ஷாக்கை இயக்கவே இல்லை. சங்கத்துக்கு விண்ணப்பம் போட்டு, பின்பக்கம் மட்டும் நாலடி உயரக் கறுப்பு அலுமினிய வேலிக்கு அனுமதி வாங்கி, ஆகஸ்டில் கட்டிவிட்டார்கள். கொடிகளைப் பிடுங்கியாகிவிட்டது. பாண்டி இப்போது நாள் முழுக்க அங்கேதான் கிடக்கிறான். மைக்ரோவேவ் சத்தம் கேட்டால் மட்டும் இன்றைக்கும் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறான்.